அடி வரிசைக்குப் பால் ஆகாது

அன்று சாயங்காலம் மைதானத்தில் இருந்தவர்கள்.

நான். தாராவியில் பிளாஸ்டிக் குடோனில் மூட்டை தூக்குகிறவள்.

எங்கள் சந்தில் எதிர்வீட்டு மைனி. கூடப் பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. அவள் வீட்டுக்காரரும் என் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். அதனால் மைனி.

இட்லி மாவு ஆட்டி விற்கிறவள்.

தோல் பை பட்டறையில் பசை தடவுகிறவள்.

வடாலாவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். இந்த மூன்று பேரும் தமிழ்தான்.

தாயி. எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மராத்தியில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். எங்கள் வாயில் அது அம்மாவைக் கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. அவருக்கு என்னைவிட வயது குறைவு.

பாபி. ஹரியானாக்காரி. செம்பூரைத் தாண்டி அவர்கள் வீட்டு எருமைத் தொழுவம் இருக்கிறது. இந்தியில் அண்ணியை பாபி என்பார்கள். மைனி அவள் முதுகுக்குப் பின்னால் பாவி என்பாள்.

உச்சியில் ஏறும் கல்லூரிப் பெண். இடுப்பில் கயிறு, தலையில் ஹெல்மெட்.

நடுத் தட்டுகளில் ஏறும் பெண்கள், சுற்றி நின்று தாங்கும் பெண்கள். மராத்தி, உ.பி., எல்லாம் கலந்து.

ஒரு பால் கேன். அதையும் ஓர் ஆளாகச் சேர்க்க வேண்டும்.

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் மும்பையில் தெருவுக்குத் தெரு உயரத்தில் தயிர்ப்பானை கட்டுவார்கள். தஹி ஹண்டி என்று அதற்குப் பேர். ஆள்மேல் ஆள் ஏறி அதை உடைக்க வேண்டும். ஆண்கள் குழு நிறைய உண்டு. இப்போது பெண்கள் குழுவும் உண்டு. எங்களுடையது தாராவிப் பெண்கள் குழு. அடியில் வட்டமாகத் தோளோடு தோள் கோத்து நிற்பது அடி வரிசை. பேஸ் என்போம். அதன்மேல் ஒரு வட்டம், அதன்மேல் இன்னொன்று, உச்சியில் ஒருத்தி. பேஸில் நிற்பவள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மேலே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தோளில் விழும் கனத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று ஐந்தாவது தட்டு எழும்பும்போது அடி உடைந்தது. என் பக்கம்தான் உடைந்தது.

வயிற்றுக்குள் யாரோ துணி முறுக்குவதுபோல் ஒரு பிடி பிடித்தது. முழங்கால் மடங்கியது. எனக்கு மேலே நின்றவள் என் முதுகில் சறுக்கி இறங்கினாள். அதற்கு மேல் நின்றவர்கள் சுற்றி இருந்தவர்கள் கைகளில் விழுந்தார்கள். கல்லூரிப் பெண் கயிற்றில் தொங்கினாள். யாருக்கும் எலும்பு முறியவில்லை. ஒருத்திக்கு உதடு கிழிந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன். அங்கே எப்போதும் வரிசை இருக்கும். எனக்கு முன்னால் மைனி நின்றாள். எனக்குப் பின்னால் மாவுக்காரி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பசைக்காரி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியில் மைனிதான் கேட்டாள். "என்னளா, இன்னைக்குமா?"

நான் தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது தாயி முடிவு எடுத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் வருத்தமாக இருந்தது. தமிழ்ப் பெண்களுக்குத் தோளில் பலம் இருக்கிறது, வயிற்றில் பயம் இருக்கிறது என்றார். நாலு தட்டுவரை நிற்கிறார்கள், ஐந்தாவது ஏறும்போது கழிப்பறைக்கு ஓடுகிறார்கள், இது ஒரு நாள் கதை இல்லை என்றார். அதுவும் உண்மை. ஒரு வாரமாகவே அப்படித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகரிலிருந்து நல்ல கட்டுமஸ்தான பெண்கள் வருவார்கள், பேஸில் அவர்கள் நிற்பார்கள், நாங்கள் வேண்டுமானால் வெளிவட்டத்தில் நின்று முட்டுக் கொடுக்கலாம் என்றார்.

பேஸில் நிற்பதற்கு என்னைத் தேடி வந்தவர் அதே தாயிதான். நான் குடோன் வாசலில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். இந்தத் தோள் எனக்கு வேண்டும் என்றார். அதுவரை என் தோளைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் ஆம்பளைத் தோள் என்று சொல்லிவிட்டுப் போனதுண்டு. அந்த இடம் போகிறது என்றால் எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அன்று நேராக வீட்டுக்குப் போனேன்.

பாலைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

பயிற்சி தொடங்கிய நாள் முதல் பாபி வீட்டிலிருந்து கேன் வரும். எருமைப் பால். சுடச்சுட, மஞ்சள் போட்டு, சர்க்கரை போட்டு. பெரிய எவர்சில்வர் தம்ளர். கண்ணன் பேரில் கொடுக்கும் பால், காசு இல்லை. பாபி தன் கையாலேயே ஊற்றித் தருவாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். முடித்ததும் தம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பாள். அவள் ஊரில் மல்யுத்தக்காரர்கள் சொம்பு சொம்பாகக் குடிப்பார்களாம். பால் குடிக்காத உடம்பு களிமண் உடம்பு என்பாள். அவள் பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. இரண்டு தம்ளர் குடித்துவிட்டு என் இடது பக்கத்தில் பேஸில் வந்து நிற்பாள். தூண் மாதிரி நிற்பாள்.

அதனால் பாலின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே கேன், அதே தம்ளர். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு ஆகிறது. அப்படியென்றால் கோளாறு எங்களிடம்தான் என்று நினைத்தோம். தவிர, நாங்கள் பால் தெரியாதவர்கள் இல்லை. காலையிலிருந்து அரைக் கிளாஸ் அரைக் கிளாஸாக டீ குடிக்கிறோம். தயிர்ச் சோறு தின்கிறோம். ஒன்றும் ஆனதில்லை.

மைனி கண்ணேறு என்றாள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். பசைக்காரி மைதானத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னாள். நான் மஞ்சளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வருவதற்கும் ஒன்றும் இருக்காது. அதனால் பயிற்சி நாளில் மத்தியானச் சாப்பாடு கிடையாது. காலையில் இரண்டு இட்லி, அப்புறம் சாயங்காலம் பால்தான். அது விரதம் மாதிரியும் ஆயிற்று. சாமி காரியத்துக்கு நல்லதுதானே என்றாள் மைனி.

அப்படிச் சாப்பாட்டை நிறுத்திய வாரத்தில்தான் எல்லாம் மோசமானது.

மறுநாள் காலையில் மைனியோடு மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ் வீட்டில் அவள் சமையல் வேலை செய்கிறாள். அந்த வீட்டுப் பெண் டாக்டர். வயிற்று நோய்ப் பிரிவில் வேலை. நான் போனது மாத்திரை கேட்க. தஹி ஹண்டி முடியும்வரை வயிற்றை அடைத்து வைக்க ஏதாவது மாத்திரை கிடைத்தால் போதும் என்று இருந்தது.

டாக்டரம்மா தலையில் ஈரத் துண்டோடு சமையலறைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரம். இருந்தாலும் நின்று கேட்டார். எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிட்ட பிறகு, எவ்வளவு நேரம் கழித்து. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் இருப்பதையும் சொன்னேன். அப்போது அவர் சிரித்துவிட்டார்.

"மாமி, வெறும் வயத்துல அவ்ளோ பெரிய தம்ளர் பாலா? யார் சொன்னா உங்களுக்கு?"

மைனி மாவு பிசைவதை நிறுத்தவில்லை. யார் சொன்னது என்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. போடுகிற சர்க்கரை இல்லை, பாலோடு பிறந்தது. அதை உடைக்க எல்லாக் குழந்தையின் குடலிலும் ஒன்று சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு, வளர வளர, பெரும்பாலானவர்களுக்கு அது சுரப்பது குறைந்துபோகும். அப்புறம் நிறையப் பால் குடித்தால் அந்தச் சர்க்கரை உடையாமலே கீழே இறங்கும். பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று வாயு கிளப்பும். சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். முறுக்கலும் ஓட்டமும் அதனால்தான். டீயில் ஊற்றும் கொஞ்சம் பாலை உடம்பு சமாளித்துக்கொள்ளும். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை உறை மோரே தின்றுவிடுகிறது, மீதியும் வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும். சோற்றோடு போனால் இன்னும் மெதுவாக. வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்தால் எல்லாம் ஒன்றாகப் போய் விழும்.

இது என்ன நோய் என்று கேட்டேன்.

"நோயே இல்ல. உலகத்துல பெரியவாள்ல பாதிக்கு மேல உங்களை மாதிரிதான். அந்த ஹரியானா மாமிதான் வித்தியாசம்."

மைனி இப்போது பிசைவதை நிறுத்தினாள். "அப்ப கோளாறு அந்தப் பாவிக்குத்தானா?"

கோளாறு இல்லை, அது அவர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி என்றார் டாக்டரம்மா. நான் கேட்டேன், ஏன் அவர்களுக்கு மட்டும் என்று. அதைக் கேட்காமல் போயிருந்தால் மைதானத்தில் எனக்குப் பேச வாய் வந்திருக்காது.

அவர் மணியைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆதியில் எல்லோரும் எங்களைப் போலத்தான் இருந்தார்களாம். பிறகு சில இடங்களில் மனிதர்கள் மாடு வளர்த்து அதன் பின்னாலேயே வாழ ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவின் குளிர்ப் பக்கம். ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கும் கூட்டங்கள். அரபுப் பாலைவனத்தில் ஒட்டகம் வைத்திருந்தவர்கள். அப்படி இடங்களில் எப்போதோ யாரோ ஒருவருக்கு உடம்பில் ஒரு சின்ன மாற்றம். வளர்ந்த பிறகும் அந்தச் சுரப்பு நிற்கவில்லை. ஐரோப்பாவில் வந்த மாற்றம் ஒன்று, ஆப்பிரிக்காவில் வேறு, அரபு நாட்டில் இன்னொன்று. ஒன்றை ஒன்று பார்த்து வந்ததில்லை. ஹரியானா, பஞ்சாப் பக்கம் இருப்பது ஐரோப்பாவில் இருக்கும் அதே மாற்றம். தெற்கே வர வர, கிழக்கே போகப் போக, அது குறைந்துகொண்டே வரும். சீனாவில் ரொம்பக் குறைவு.

அந்த ஒருவர் எப்படி அத்தனை பேர் ஆனார் என்று கேட்டேன்.

அது இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்றார். ஒரு பேச்சு இப்படி. பஞ்சம் வரும். விளைச்சல் இல்லை. மாடு மட்டும் இருக்கும். பசித்தவர்கள் எல்லோரும் பாலைக் குடிப்பார்கள். நல்ல நாளில் வாயுவோடு போகிற விஷயம், பட்டினி கிடந்த உடம்பில் பேதியாகி உயிரை எடுத்துவிடும். மாற்றம் இருந்தவன் பிழைப்பான். அவன் பிள்ளைகள் பிழைக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் அப்படிப் போனால் அந்த ஊர் முழுக்க அவன் வம்சமாகத்தான் இருக்கும்.

"நீங்க என்ன பண்ணேள் தெரியுமா? மத்தியானம் சாப்பிடாம, உங்களுக்கு நீங்களே ஒரு பஞ்சத்தைக் கொண்டுவந்து, அதுல பாலைக் குடிச்சேள்."

மைனி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

நம் ஊரிலும் மாடு உண்டே என்றேன். உண்டு என்றார். நம்மவர்கள் கறந்த பாலை அப்படியே குடிப்பதைவிடத் தயிராக்கி, மோராக்கிச் சாப்பிட்டார்கள். மங்கோலியாவிலும் அப்படித்தானாம். குதிரை, மாடு எல்லாம் மேய்த்தும் நிறையப் பேருக்குப் புளிக்காத பால் சேராது. புளிக்க வைத்துக் குடிக்கிறார்கள். ஆக, சில கூட்டத்துக்கு உடம்பு மாறியது. சில கூட்டம் பாலை மாற்றிக்கொண்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போது கூடத்திலிருந்து அவர் அப்பா குரல் கொடுத்தார். நாங்களெல்லாம் பாலக்காட்டுக்காரர்கள், பரம்பரையாகப் பால் சாப்பிடுகிற குடும்பம், எங்களுக்கு அப்படியெல்லாம் கிடையாது என்றார்.

"அப்பா, ராத்திரி நீங்க பால் குடிச்சுட்டுப் படுத்துண்டா ரூம்ல யாராவது இருக்க முடியறதா? அம்மா எதுக்கு ஹால்ல வந்து படுக்கறா?"

கூடத்தில் செய்தித்தாள் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டரம்மா மாத்திரை தரவில்லை. பாலை நிறுத்துங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், மோர் குடியுங்கள், வயிறு அடங்கினால் காரணம் அதுதான், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வேறு ஏதாவது இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார். எல்லாத் தமிழர்களுக்கும் இப்படி, எல்லா ஹரியானாக்காரர்களுக்கும் அப்படி என்று நினைக்காதீர்கள், இங்கேயும் குடிக்கிறவர்கள் உண்டு, அங்கேயும் முடியாதவர்கள் உண்டு என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் குடோனில் உட்கார்ந்து வயிறு நிறையச் சோறு தின்றேன்.

சாயங்காலம் மைதானத்தில் பாபி தம்ளரை நீட்டினாள். கண்ணன் பேரில் தரும் பால். எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பேஸ் உடைந்ததற்கு மறுநாள். வேண்டாம் என்று சொல்வதற்கு அதைவிட மோசமான நாள் கிடையாது.

வேண்டாம் பாபி என்றேன்.

ஏன் என்றாள்.

"பால் குடிச்சா வயித்துல மோட்டார் ஓடுது. நேத்து விழுந்தது அதனாலதான். பயத்தால இல்ல."

இந்தியில் சொன்னேன். என் இந்தி குடோன் இந்தி. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. பாபியின் கை நீட்டியபடியே இருந்தது. பாலால் யாருக்காவது வயிறு கெடுமா என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். தாயி சிரிக்கவில்லை.

மைனி முன்னால் வந்தாள். "எனக்கும்தான்" என்றாள். மாவுக்காரி கையைத் தூக்கினாள். பசைக்காரி தூக்கினாள். அது வரைக்கும் நான் எதிர்பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் தட்டில் ஏறும் கொங்கண்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் தினமும் தம்ளரை வாங்கிக்கொண்டு பாதாம் மரத்துக்குப் பின்னால் போவாள். அங்கே நின்று வேர்க்காலில் ஊற்றிவிடுவாளாம். எல்லோரும் மரத்தைத் திரும்பிப் பார்த்தோம். மைதானத்தில் அந்த மரம் ஒன்றுதான் பளபளவென்று நின்றது. அடுத்து உ.பி.க்காரி ஒருத்தி. அடுத்து வெளிவட்டத்தில் இரண்டு பேர். கல்லூரிப் பெண், தனக்குக் குமட்டும், ஆனால் சொன்னால் உச்சியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மூக்கைப் பிடித்துக் குடிப்பதாகச் சொன்னாள். மூடிக்கொண்டிருந்த வாயெல்லாம் திறந்துகொண்டன. ஆளுக்கு ஒரு கழிப்பறைக் கதை. சிரிப்பு நிற்கவில்லை.

வடாலாக்காரி மட்டும் கையைத் தூக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் பண்ணல. என் பங்கை நிறுத்திராதீங்க" என்றாள். அவளும் எங்கள் தமிழ்தான்.

நான் தாயியைப் பார்த்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறோம், அன்றைக்கு விழுந்தால் நாங்களே விலகிக்கொள்கிறோம் என்றேன். தாயி சரி என்றார்.

பாபி கேனை மூடினாள். தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று என் இடது பக்கம் வேறொருத்தி நின்றாள். நாலு தட்டு ஏற்றினோம். வயிறு சும்மா இருந்தது. இடது பக்கம் தோள் கோத்த இடம் மட்டும் சரியாக அமையவில்லை.

மறுநாள் பாபி வருவாளா என்று தெரியவில்லை. வந்தாள். கையில் அதே கேன். மைனி என் காதில், "பாவி விடமாட்டாளா" என்றாள்.

பாபி மூடியைத் திறந்தாள். மோர். தண்ணீராகக் கடைந்து, உப்புப் போட்டு, வறுத்த சீரகம் பொடித்துப் போட்டு. வடாலாக்காரிக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டிலில் பால்.

முதல் தம்ளரை எனக்கு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள், தம்ளரைப் பார்த்தபடி. அவளுக்கு ஒரு தம்பி உண்டாம். சின்ன வயதில் பால் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பானாம். லஸ்ஸி மட்டும் கேட்பான். நடிக்கிறான் என்று வீட்டில் எல்லோரும் அடிப்பார்கள்.

"நானும் அடிச்சிருக்கேன். நேத்துதான் போன் பண்ணிக் கேட்டேன். இப்பவும் அவன் பால் குடிக்கிறதில்லையாம்."

நான் குடித்தேன். அவள் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பிறகு வந்து என் இடது பக்கம் நின்றாள்.

அன்று முதல் எல்லோரும் மத்தியானம் சாப்பிட்டோம். கழிப்பறை வரிசையில் எங்கள் ஆட்கள் யாரும் நிற்கவில்லை. ஐந்து தட்டு ஏறியது, இறங்கியது. திரும்பவும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகர்ப் பெண்கள் வந்தார்கள். உண்மையிலேயே கட்டுமஸ்தான ஆட்கள். வடாபாவ் வாங்கி வந்து ஓரமாக உட்கார்ந்து தின்றுகொண்டே எங்களைப் பார்த்தார்கள். தாயி முதலில் எங்களை நிற்கச் சொன்னார். ஐந்து தட்டு. உச்சியில் கல்லூரிப் பெண் கையைத் தூக்கி சலாம் வைத்துவிட்டு, இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினாள். கீழே நாங்கள் அசையவில்லை.

தாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உல்லாஸ்நகர்ப் பெண்களை எழுந்து வரச் சொன்னார். எங்கள் இடத்துக்கு இல்லை. எங்களுக்கு வெளியே, எங்கள் முதுகுக்கு முட்டாக. அவர்கள் உள்ளங்கை என் முதுகில் பதிந்தபோது சுவர் வந்து நின்றது போலிருந்தது.

"இந்த அடி இன்னொரு தட்டைத் தாங்கும்" என்றார் தாயி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபிறகு யாருக்கும் முகம் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

தஹி ஹண்டி அன்று காலையிலிருந்தே மழை. லாரியில் நின்றுகொண்டு போனோம். எல்லோருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட், முழங்காலுக்குத் துணிப்பட்டை. கிளம்புவதற்கு முன்னால் மாவுக்காரி கொண்டுவந்த இட்லியை லாரியிலேயே வைத்துத் தின்றோம். பாபி ஏழெட்டு இட்லி தின்றாள். மோரில் முக்கித் தின்றாள். "பாபிக்கு இட்லி சேருமா? டாக்டரைக் கேக்கணும்ல" என்றாள் மைனி, அவள் முகத்துக்கு நேராகவே. பாபிக்குத் தமிழ் புரியாது. சிரிப்பு புரிந்தது. மைனி முதுகில் ஒரு அடி வைத்தாள்.

தாராவியில் ஒரு பானை. அங்கே நாலு தட்டு போதும். மாட்டுங்காவில் பானையை உடைக்காமல் ஐந்து தட்டு ஏறி சலாம் மட்டும் வைத்தோம். அங்கே ஒரு மாடியிலிருந்து டாக்டரம்மாவும் அவர் அப்பாவும் பார்த்தார்கள் என்று மைனி பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் குனிந்து நின்றேன்.

செம்பூர் போய்ச் சேரும்போது சாயங்காலம். பெண்களுக்கென்று தனிப் பானை. ஐந்து தட்டு போட்டுவிட்டு இரண்டு குழு போயிருந்தது. பானை இன்னும் மேலேயே தொங்கியது. ஐந்துக்கு எட்டாத உயரம். மேடையில் ஒலிபெருக்கி காது கிழியக் கத்தியது.

எத்தனை தட்டு என்று தாயி சொல்லவில்லை. வட்டம் கட்டச் சொன்னார். தோள் கோத்தோம். இடது பக்கம் பாபி. வலது பக்கம் மைனி. முதுகில் உல்லாஸ்நகர்க் கைகள். ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். காலை அகற்றி ஊன்றிக்கொண்டேன்.

"ஏளா, வயிறு?" என்றாள் மைனி.

"சும்மாதான் கெடக்கு."

மேளம் அடித்தது. முதல் கால் என் தொடையில் ஏறி, இடுப்பில் மிதித்து, தோளுக்கு வந்தது. கொங்கண்காரி. அவள் பாதம் எனக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றாள். கனம் வந்தது. அதற்கு மேல் இன்னொரு வட்டம் ஏறியது. அவர்கள் கால் என்னைத் தாண்டிப் போகும்போது மழைத் தண்ணீர் என் கழுத்தில் ஒழுகியது. மூன்றாவது நின்றது என்று கனத்தில் தெரிந்தது. பாபியின் விரல்கள் என் தோளைக் கவ்விக்கொண்டு இருந்தன. நாலாவது ஏறும்போது மேளத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் மூச்சைப் பிடிக்கிற நேரம் அது. வயிற்றை இறுக்கினேன். அது சொன்னபடி இறுகியது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது ஏறினாள். கனம் ஒரு நடுக்கம் நடுங்கியது. மைனியின் தலை என் தலையில் முட்டியது. வெளியே தாயியின் குரல் மட்டும் கேட்டது. அவசரம் வேண்டாம், அவசரம் வேண்டாம் என்று மராத்தியில். நடுக்கம் நின்றது.

பிறகு ஒரு சின்னப் பாரம். பூனை நடப்பதுபோல் எல்லோர்மேலும் ஏறிப் போனது. அது கல்லூரிப் பெண். ஏறுகிறாள், ஏறுகிறாள், அப்புறம் அசைவு இல்லை. அவள் எழுந்து நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை கனத்தை நான் தாங்கியதில்லை. அத்தனை லேசாகவும் நான் இருந்ததில்லை.

மேலே பானை உடைந்தது. தெரு முழுக்க ஒரே கத்தல். பாபி குனிந்தபடியே ஏதோ கத்தினாள். மைனி அழுதாள். நான் நின்றேன். எல்லோரும் இறங்கும்வரை நிற்பதுதான் பேஸின் வேலை. கல்லூரிப் பெண் இறங்கினாள். ஒவ்வொரு வட்டமாக இறங்கியது. கடைசியில் கொங்கண்காரி என் தோளிலிருந்து குதித்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். இந்தக் குழுவின் அடி எங்கே, அடியில் நின்றவர்கள் பேசட்டும் என்றார். தாயி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள். எத்தனை தட்டு என்று கேட்டார்கள்.

ஆறு.